சிக்லாப் வீட்டுக் கோழிக்கூண்டில் இரவில் நுழைவது எது?

வணக்கம். சிங்கப்பூரின் சிக்லாப்பில் தரைவீடு. பின்கட்டில் 6 நாட்டுக்கோழி வளர்த்தோம், 3 வாரத்தில் 3 போய்விட்டன. அம்மா தினமும் கையால் தீனி போட்டு வளர்த்தவை, அவரைச் சமாதானப்படுத்தவே முடியவில்லை.

முதல் கோழி சுவடே இல்லாமல் மறைந்தது. ஓர் இறகுகூடக் கிடக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முந்தாநாள் இரவு. இது மட்டும் கூண்டுக்குள்ளேயே கழுத்து கடிபட்டுக் கிடந்தது, சுற்றிலும் இறகு. அதனால்தான் குழப்பம். முதல் இரண்டும் மலைப்பாம்பின் வேலை போலத் தெரிகிறது, வீட்டுக்குப் பின்னால் பெரிய வடிகால் ஓடுகிறது. மூன்றாவது மரநாயாக இருக்கலாம், இந்தப் பக்கம் கூரைமேல் அடிக்கடி நடமாடும். உடும்பு பகலில் திரிவது, அதனால் சந்தேகம் இல்லை.

கூண்டு 2 மீட்டருக்கு 1 மீட்டர், மரச்சட்டம், தகரக் கூரை, மண் தரை. அறுகோணக் கோழிவலையைக் கழற்றிவிட்டு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்தேன். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். மரநாய் பழத்துக்கு வரும் என்பதால் உதிர்ந்த மாம்பழங்களை அன்றாடம் பொறுக்கிவிடுகிறேன். இரவு முழுக்க விளக்கும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கோழி செத்தது இதெல்லாம் செய்த பிறகுதான்! வலை எங்கும் கிழியவில்லை. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே மட்டும் இரண்டு விரல் அகல இடைவெளி. பொறி வைக்கும் எண்ணம் இல்லை, அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பது இங்கே குற்றம்.

அந்த இடைவெளி வழியாக மரநாய் நுழைய முடியுமா, அல்லது மண்ணுக்கு அடியில்தான் வழி தேட வேண்டுமா?