எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுத் தசை உயிர் இயற்பியலுக்குள் போகலாமா?

மாலைநடை எழுதியது:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது ஹில் சமன்பாடு கண்ணில் பட்டது. தசை எவ்வளவு பாரம் தூக்குகிறதோ அதற்கேற்ப அது சுருங்கும் வேகம் குறைகிறது. அந்த வளைவு ஓர் அதிபரவளையமாக வருகிறது. 1938இலேயே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதிலேயே முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்று ஆசை.

சிக்கல் என்னவென்றால், பத்தாம் வகுப்போடு எனக்கு உயிரியல் முடிந்துவிட்டது. துறையில் கேட்டால் "அது விலங்கியல்காரர்கள் வேலை" என்கிறார்கள். வீட்டில் அப்பா கேட்பது ஒன்றே ஒன்று: "இதைப் படித்தால் வேலை இருக்கிறதா?" இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது அன்றாடம் என்ன செய்வீர்கள், வாழ்க்கை எப்படிப் போகும் என்று சொல்ல முடியுமா?

தாமிரபரணி எழுதியது:

தம்பி, நானும் அந்த ஊர்ப் பக்கத்துக்காரிதான். இயற்பியல் முடித்து 1987இல் இங்கிலாந்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போனேன். 1997 முதல் 2021இல் ஓய்வு பெறும்வரை அங்கே ஒரு மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் கற்பித்தேன். கூடவே தசை ஆய்வும் நடந்தது.

உயிரியல் படிக்காததற்காகக் கவலைப்படாதீர்கள். நீங்கள் பார்த்த சமன்பாட்டை எழுதிய ஏ. வி. ஹில் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1954இல், தசை நாருக்குள் இருக்கும் தடித்த, மெல்லிய புரத இழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்று இரண்டு கட்டுரைகள் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினார்கள். இன்னொன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் எழுதினார்கள். ஹியூ ஹக்ஸ்லி இயற்பியல் படித்தவர். போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்தவர். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை. நானும் முதலில் அண்ணன் தம்பி என்றுதான் நினைத்தேன்.) ஓராண்டு ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் தேவையான உயிரியல் வந்துவிடும்.

சீக்கிரம் வராதது கைப்பழக்கம். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தவளைக் காலின் ஒரு தசை நார் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஆயிரக்கணக்கான நார்களுக்கு நடுவிலிருந்து ஒன்றே ஒன்றை, இரண்டு முனையிலும் தசைநாண் ஒட்டியிருக்க, உயிரோடு பிரித்தெடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ், குளிர்ந்த உப்புக் கரைசலில், ஊசியும் சின்னக் கத்தரிக்கோலும் வைத்துச் செய்கிற வேலை. ஊசி முனை லேசாகப் பட்டுவிட்டால் சில நிமிடத்தில் அந்த இடம் வெள்ளையாகத் திரளும். நார் செத்துவிட்டது என்று அர்த்தம். முதல் நான்கு மாதம் எனக்கு ஒரு நார்கூடத் தேறவில்லை. அறைக்குப் போய் அழுதிருக்கிறேன். தேறிய முதல் நார் சுருங்கியபோது கருவியில் வந்த விசை 2 மில்லி நியூட்டன், அதாவது பத்து அரிசி மணியின் எடை. அந்தக் காகிதச்சுருள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். விசையை அளப்பது எளிது. அந்த எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். ஒரு நாரை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தூண்டினால், இழைகள் ஒன்றையொன்று தொடவே முடியாத நீளத்திலும் மெதுவாக விசை ஏறும். அப்படியானால் வழுக்கும் இழைக் கோட்பாடு தப்பா? இல்லை. நாரின் நீளம் முழுக்கச் சங்கிலிபோல் கோத்திருக்கும், சுருங்கும் சின்ன அலகுகள்தான் சார்கோமியர்கள். இரு முனைகளிலும் அவை நடுவில் இருப்பவற்றைவிடக் குட்டையாக இருக்கும். அவை சுருங்கி நடுப்பகுதியை இழுப்பதால் வரும் விசை அது. 1966இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் நாரின் நடுப்பகுதியில் அடையாளம் ஒட்டி, ஒளிப்புள்ளியால் அதைப் பின்தொடர்ந்து, அந்தப் பகுதியின் நீளம் மட்டும் மாறாதபடி மோட்டாரைக் கட்டுப்படுத்தி அளந்தார்கள். உடனே வரைபடம் நேர்க்கோடுகளாக வந்து நின்றது. சார்கோமியர் நீளம் 2.0 முதல் 2.25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை விசை உச்சத்தில் சமமாக இருக்கிறது, பிறகு நேராக இறங்கி 3.65இல் பூஜ்யமாகிறது. தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரான், இருபக்க மெல்லிய இழைகளும் சேர்ந்து 2.05. கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்த்த நாள்தான் வேறு துறைக்குப் போகும் எண்ணத்தை விட்டேன்.

வேலை பற்றி அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். பட்டம் வாங்கியபின் ஆறு ஆண்டுகள் மூன்று தற்காலிக ஒப்பந்தங்களில் ஓட்டினேன். ஒன்று பாதியில் பணம் நின்றுபோனது. பணம் நிற்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் சொன்னார்கள். நிரந்தர வேலை கிடைத்தது தசை ஆய்வுக்காக அல்ல, மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுக்க ஆள் தேவைப்பட்டதால்.

அந்தக் கற்பித்தலை நான் பாரமாக நினைக்கவில்லை. இதயம் அதிகம் நிரம்பினால் அதிகம் வலுவாகச் சுருங்கும் என்ற ஸ்டார்லிங் விதியை, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை வைத்து மட்டுமே பல ஆண்டுகள் விளக்கிவந்தேன். ஒரு மாணவி எழுந்து, "படிவு அவ்வளவு மாறவில்லையே, விசை மட்டும் ஏன் இவ்வளவு ஏறுகிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தசையைச் சுருங்கத் தூண்டுவது கால்சியம். நீளும்போது அதே அளவு கால்சியத்துக்கு இதயத்தசை கூடுதலாகப் பதில் தருகிறது. அதன் பங்கு பெரியது. அந்தக் கட்டுரைகளை நான் படித்திருந்தும் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. மறுவாரமே பாடத்தை மாற்றி எழுதினேன். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அடுத்த சில ஆண்டுகள் அதைத்தான் அளந்தோம்.

வைகைக்கரை எழுதியது:

நான் மதுரையில் இதய மருத்துவம் பார்ப்பவன். மாலைநடை, இது வெளிநாட்டு விஷயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தசையின் தடித்த இழையை ஆக்கும் மயோசின் புரதத்தோடு சேர்ந்திருக்கும் இன்னொரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது, அது இதயத்தசை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் ஐதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்துக்கும் பங்குண்டு. பெங்களூரில் இன்ஸ்டெம் என்ற ஆய்வு நிறுவனத்தில் இதயத்தசை ஆய்வு நடக்கிறது. அங்கேயும் எழுதிக் கேளுங்கள்.

ரைன்கரை எழுதியது:

ஜெர்மனியில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக) இருக்கிறேன். தாமிரபரணி மேடம் மேல் மரியாதை உண்டு, ஆனால் இன்றைக்குத் தொடங்குகிறவர் நார் பிரிக்க நான்கு மாதம் செலவழிக்க வேண்டுமா? 2023இல் இதயத்தசையின் தடித்த இழையே குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாக வந்துவிட்டது. கணினியும் அமைப்பு உயிரியலும் கற்றுக்கொண்டால் வேலை வாய்ப்பும் அதிகம். இயற்பியல் மாணவருக்கு அதுதான் நல்ல வழி.

தாமிரபரணி எழுதியது:

வேலை வாய்ப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. அந்த இழையை எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளிலிருந்து ஊகித்தே வாழ்நாளைக் கழித்தவர்கள் நாங்கள். ஆனால் மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும் மயோசின் தலை எங்கே மடங்கிக் கிடக்கிறது என்று படம் சொல்லும். அது எழுந்து எவ்வளவு விசை தரும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. இதயத்தசை தடிக்கும் நோய்க்காக 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவாகாம்டென் மருந்து மயோசினைத்தான் அடக்குகிறது. எவ்வளவு அடக்கினால் போதும், எங்கே இதயம் பலவீனமாகிவிடும் என்பது விசையை அளந்தால்தான் தெரியும். தம்பி இரண்டையும் கற்கட்டும். ஆனால் ஒரு முறையாவது நாரைக் கையில் தொட்டுவிட்டுக் கணினிக்குப் போகட்டும்.

மாலைநடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அம்மா, 3.65 கூட்டிப் பார்த்தேன். அப்பாவிடமும் காட்டினேன், "சரி, பார்க்கலாம்" என்றார். எங்கள் ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் லேசர் இருக்கிறது. அதை வைத்து ப்ராஜெக்ட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

தாமிரபரணி எழுதியது:

தாராளமாக. தசையின் வரிகளே ஒரு விளிம்பு விளைவுக் கீற்றணிதான்; லேசர் ஒளி அவற்றினூடே போனால் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். தவளை வேண்டாம். கறிக்கடையில் ஆடு அறுத்தவுடன், உடல் சூடு ஆறுவதற்குள், முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் நீளமான தசையைக் கேட்டு வாங்குங்கள். தீக்குச்சித் தடிமனில் நீளவாக்கில் கீறி, சுருங்கிவிடாமல் ஐஸ்கிரீம் குச்சியில் இரு முனையும் நூலால் கட்டுங்கள். கிளிசரினும் உப்புக் கரைசலும் பாதிப் பாதி; கால்சியத்தைப் பிடித்துவைக்க ஈஜிடிஏ கொஞ்சம் சேர்க்க வேண்டும், வேதியியல் துறையில் கேளுங்கள். ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து, கரைசலை மாற்றி, பிறகு உறைபெட்டியில் இரண்டு மூன்று வாரம். ஊருக்கு வந்தபோது நானே இப்படிச் செய்து கோடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சில நார்களை மட்டும் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து லேசரை விடுங்கள். கதிருக்கு நேரே கண்ணை வைக்க வேண்டாம். அலைநீளம் 0.6328 மைக்ரான். சார்கோமியர் 2.2 மைக்ரானாக இருந்தால், 10 செ.மீ. தூரத்துத் திரையில் முதல் கோடு நடுப்புள்ளியிலிருந்து 3 செ.மீ. தள்ளி விழும். சார்கோமியர் 2.5ஆக இருந்தால் 2.6 செ.மீ.க்கு உள்ளே வரும். கோடு மங்கலாகப் பரவித் தெரிந்தால் சார்கோமியர்கள் ஒரே நீளத்தில் இல்லை என்று பொருள். வேறு நாரை எடுங்கள். கோடு கிடைத்ததும் படத்தை இங்கே போடுங்கள், திரையின் தூரத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.