24 அடர்பழுப்பு முட்டை, 5 குஞ்சு: எங்கே தப்பு?

இன்குபேட்டரில் 24 முட்டை அடை வைத்தேன், வந்தது 5 குஞ்சு. அதுவும் 21ஆம் நாள் ஒன்றுகூட அசையவில்லை. 22ஆம் நாள் ராத்திரிதான் முதல் கீறல் விழுந்தது, 23 முடிகிறவரை இழுத்தது. சாதா முட்டை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவை மரான்ஸ் இனக் கோழி முட்டைகள், நல்ல அடர்பழுப்பு, வெயிலில் வைத்தால் செம்புச் சொம்பு மாதிரி மின்னும். அந்த நிறத்துக்காகவே ஒரு சேவலையும் ஆறு பெட்டைகளையும் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறேன்.

பொரிக்காததை எல்லாம் அப்படியே குழியில் போட்டு மூடப் போனேன். நாற்றம் ஒரு பக்கம், பார்க்க மனசு வராதது ஒரு பக்கம். கோழி வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு அண்ணன்தான் தடுத்தார். "உடைத்துப் பார்க்காமல் புதைத்தால் அடுத்த தடவையும் உனக்கு 5தான்" என்றார். சரி என்று மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு 19 முட்டையையும் வாசலில் உட்கார்ந்து உடைத்தேன்.

நான்கு சுத்தமான கூமுட்டை, கருவே கூடவில்லை. இரண்டில் ரத்த வளையம், முதல் சில நாளிலேயே நின்றுபோனவை. ஒன்று பாதி வழியில், ரோமம் முளைக்கத் தொடங்கிய நிலையில் போயிருந்தது. மிச்சம் 12ம் முழுக் குஞ்சுகள், அலகு, நகம், ரோமம் எல்லாம் இருந்தது. ஓட்டை உடைத்ததும் தண்ணீர் ஒழுகியது, குஞ்சு ஊறிப்போய் வீங்கியிருந்தது, மஞ்சள் கரு பாதிக்கு மேல் வயிற்றுக்குள் போகாமல் வெளியே தொங்கியது. மழுங்கிய பக்கத்துக் காற்றறை அந்த நாளில் முட்டையில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இவற்றில் கட்டைவிரல் நகம் அளவுதான்.

அப்போதுதான் உறைத்தது. சேவல் மேல் தப்பில்லை, முட்டை சேர்த்து வைத்த விதத்திலும் பெரிய தப்பில்லை, ஏனென்றால் அங்கே கோளாறு இருந்தால் முதல் வாரத்திலேயே கொத்தாகச் செத்திருக்கும். இவை 18, 19 நாள் வளர்ந்து, ஈரம் வெளியே போகாமல், மூச்சுவிட இடமில்லாமல் உள்ளேயே மூழ்கிப் போனவை. முட்டை அடையில் இருக்கும்போது முதல் 18 நாளில் 11 முதல் 14 சதவீதம் எடை குறைய வேண்டும், குறைவது எல்லாம் ஓட்டின் நுண்துளை வழியாகப் போகிற தண்ணீர். மரான்ஸ் முட்டையின் பழுப்பு, ஓடு உருவாகி முடிகிற நேரத்தில் மேலே பூசப்படுகிற பூச்சு. ஈரமான முட்டையைச் சுரண்டினால் நிறம் கையோடு வரும். பூச்சு கனமாக இருந்தால் ஈரம் மெதுவாகத்தான் போகும். வெள்ளை முட்டைக்குச் சரியாக இருக்கிற ஈரப்பதம் இதை முக்கிவிடும்.

ஆனால் நான் வைத்திருந்தது 50 சதவீதம்தானே, அதற்கே இவ்வளவு மூழ்குமா என்று சந்தேகம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகிற அளவுக்கு மட்டும் நனைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடிவைத்தேன். 75 காட்ட வேண்டும். 66 காட்டியது! ஆக 50 என்று நான் நம்பியது உண்மையில் 60ஐ ஒட்டி இருந்திருக்கிறது. கையோடு காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். திரையில் 37.5, இதில் 36.9. ஏன் 23ஆம் நாள்வரை இழுத்தது என்பதும் புரிந்துபோச்சு. இரண்டு கருவியும் பொய் சொல்லியிருக்கின்றன, நான் டார்ச் அடித்துப் பார்த்தாலும் அந்தக் கறுத்த ஓட்டில் ஒன்றும் தெரியவில்லை, தெரியாததை "நன்றாகத்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அடுத்த அடை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்.

* * *

எனக்கும் கடைசி நாளில்தான் சாவு, ஆனால் காரணமே வேறு. நான் வளர்ப்பது அராக்கானா, நீல முட்டை. நீலம் உங்கள் பழுப்பு மாதிரி மேல்பூச்சு அல்ல, ஓடு முழுக்க ஊறியிருக்கும், உடைத்தால் உள்பக்கமும் நீலம்தான். அதனால் நானும் முதலில் ஓட்டைத்தான் சந்தேகப்பட்டேன், ஈரப்பதத்தை ஏற்றினேன், இறக்கினேன், மூன்று அடை இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்று 18 நாளைத் தாண்டி உள்ளேயே போகும். காற்றறை சரியாக இருக்கும், தண்ணீரும் ஒழுகாது, அதுதான் என்னைக் குழப்பியது.

விஷயம் காதோரத்து இறகுக் கொத்தில் இருந்தது. கொத்து அழகாக இருக்கிறதே என்று சேவலும் கொத்து, பெட்டையும் கொத்து என்று தேடித்தேடிச் சேர்த்திருந்தேன். அந்த மரபணு அப்பாவிடம் ஒன்று அம்மாவிடம் ஒன்று என்று இரண்டாகச் சேர்ந்துவிட்டால் குஞ்சு பொரிக்காது, கணக்குப்படி நாலில் ஒன்று அப்படித்தான் போகும். இன்குபேட்டரைத் தங்கத்தில் செய்தாலும் மாறாது. இப்போது கொத்துச் சேவலுக்குக் கொத்தில்லாத பெட்டைதான். பாதிக் குஞ்சுக்குக் கொத்து வருகிறது, அந்த நாலில் ஒன்று சாவு நின்றுவிட்டது. அபூர்வ இனம் வைத்திருப்பவர்கள் மிஷினைத் திட்டுவதற்கு முன் ஜோடியைப் பாருங்கள்.

* * *

ஜோடி என்றதும் ஞாபகம் வந்தது. லாவெண்டர் நிற ஆர்பிங்டன் வைத்திருக்கிறேன், எனக்குப் பத்தில் எட்டு கூமுட்டை. சேவலுக்கு வயசாகிவிட்டதோ என்று விற்கவே பார்த்தேன். வீட்டம்மா ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது பக்கத்தில் நின்று மஞ்சள் கருவின் மேல் இருக்கிற வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரு கூடிய முட்டையில் அது வளையம் வளையமாகத் தெரியும், கூடாததில் சின்னத் திட்டு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் வளையம் தெரிந்தது இரண்டே முட்டையில். அடை வைக்காமலேயே விடை கிடைத்தது, வீட்டம்மாவுக்குத்தான் நான் ஏன் அடுப்படியிலேயே நிற்கிறேன் என்று எரிச்சல்.

இந்த இனத்துக்குப் பின்பக்கம் பஞ்சு மூட்டை மாதிரி இறகு, சேவல் மிதித்தாலும் சேர்வதில்லை. இரண்டுக்கும் குதத்தைச் சுற்றிக் கத்தரியால் வெட்டிவிட்டேன். மூன்றாவது வாரத்தில் பத்துக்கு ஏழு வளையம். ஆனால் அண்ணன் தங்கச்சிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருப்பதால் பொரித்த பிறகும் சோம்பல் குஞ்சுகள் வருகின்றன. புதுச் சேவல் ஒன்று வெளியிலிருந்து கொண்டுவரத்தான் வேண்டும், நிறம் கொஞ்சம் கெடும், பரவாயில்லை.

* * *

கூரியரில் வாங்கின முட்டை என்றால் என் கதையைக் கேளுங்கள். 12ல் 3. டார்ச் அடித்தால் காற்றறை சோடா பாட்டில் குமிழ் மாதிரி உள்ளே ஓடுகிறது, குலுங்கி அதன் சவ்வு பிய்ந்துவிட்டது. அடுத்த தடவை கூர் பக்கம் கீழே இருக்கும்படி 24 மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைத்து அப்புறம்தான் அடை வைத்தேன், 12ல் 6 வந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

* * *

முதலில் எழுதிய நான்தான். எல்லாருக்கும் நன்றி, இரண்டாவது அடை முடிந்தது.

இந்தத் தடவை 20 முட்டை. ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்கவில்லை. டார்ச்சை நம்பாமல் தராசை நம்பினேன், ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எடையை எழுதினேன். 65 கிராம் முட்டை ஏழாம் நாள் கிட்டத்தட்ட 62 வந்திருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு குறையவில்லை. இத்தனைக்கும் உண்மையான ஈரப்பதம் 45தான். தண்ணீர்க் கிண்ணத்தையே வெளியே எடுத்துவிட்டேன், 30க்கு இறங்கியது. பயமாகத்தான் இருந்தது. 18ஆம் நாள் அதே முட்டை 57.5. திருப்புவதை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி 65க்கு ஏற்றி, மூடியைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

20ஆம் நாள் சாயங்காலம் உள்ளிருந்து சத்தம். 21ஆம் நாள் ராத்திரிக்குள் 13 குஞ்சுகள். உடைத்துப் பார்த்ததில் மூன்று கூமுட்டை, ஒரு ரத்த வளையம், இரண்டு கடைசி நேரச் சாவு, அதில் ஒன்றுக்குத் தலை கூர் பக்கம் திரும்பியிருந்தது.

கணக்கில் ஒன்று குறைகிறதா? அந்த ஒன்று கூர் பக்கத்தில் ஓட்டைக் கொத்தி, சின்ன ஓட்டை போட்டுவிட்டு 20 மணி நேரம் அப்படியே இருந்தது. அலகு நுனி மட்டும் தெரியும், ஓட்டையோரத்துச் சவ்வில் ரத்த நாளம் சிவப்பாகத் தெரிந்ததால் கை வைக்கவில்லை. அந்த நாளம் வற்றாமல் உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். 26ஆவது மணி நேரத்தில் நாளம் வெளுத்திருந்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி ஒரு விரற்கடை ஓடு மட்டும் உரித்தெடுத்தேன், சத்தியம் போனது போகட்டும். மீதியை அதுவே உதைத்துக்கொண்டு வந்தது. ஒரு கால் கொஞ்சம் விரிகிறது, இரண்டு காலையும் சேர்த்து லூசாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறேன். இப்போது என் சட்டைப்பையில் தூங்குகிறது.