தினமும் 20 நிமிடம், 15 பிள்ளைகள், ஒரு ஆசிரியர்: நம்ம செட்டிநாட்டுப் பள்ளிகளில் நடக்குமா?

காரைக்குடிக்காரன்:
அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் ‘அட்வைசரி’ என்று ஒரு நேரம் உண்டு. பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். பாடம் நடத்துவதில்லை. ஏன் லீவு, எந்தப் பாடம் இடிக்கிறது, அடுத்து என்ன படிக்கலாம் என்று பேசுவார்கள். சில பள்ளிகளில் படிப்பு முடியும்வரை அதே ஆசிரியர்தான். இங்கே 9, 10-ஆம் வகுப்புக்குக் கொண்டுவந்தால் என்ன?

கணக்கு வாத்தியார்:
எட்டு பீரியடில் எதை வெட்டுவது தம்பி? காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் இன்னொன்று, நடுவில் எமிஸ் (அரசின் பள்ளித் தகவல் இணையதளம்) பதிவு. அறுபது பேர் வகுப்பை நாலாகப் பிரித்தால் நாலு ஆசிரியர் வேண்டும். அமெரிக்காவில் 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்று அங்குள்ள பள்ளி ஆலோசகர்கள் சங்கமே பரிந்துரைக்கிறது. இங்கே அந்த ஆளே கிடையாது.

புதுவயல் அம்மா:
என் மகன் பத்தாவது. அவன் அப்பா சிங்கப்பூரில். காலாண்டில் பையன் கணக்கில் ஃபெயில் என்று எனக்குத் தெரிந்ததே கையெழுத்து கேட்டு ரேங்க் கார்டை நீட்டியபோதுதான். முன்னாலேயே ஒருவர் கவனித்திருந்தால் போதும் சார்.

தேவகோட்டை பழைய மாணவி:
எனக்கு இதில் பயம்தான். நம்ம ஊரில் வாத்தியார் அப்பாவுக்குப் பங்காளியாக இருப்பார், டீச்சர் அதே தெருவில் இருப்பார். பெண்பிள்ளை வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பதில் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு போன் பண்ணலாம், முகம் தெரியாது.

காரைக்குடிக்காரன்:
போன் வீட்டில் யார் கையில் இருக்கிறது அக்கா? அந்தரங்கத்தைக் கொட்டுகிற இடமாக இதை நினைக்கவேண்டாம். யார் மூன்று நாளாக வரவில்லை, யார் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டான் என்று கவனிக்க ஒரு ஆள், அவ்வளவுதான். சார் சொன்ன ஆள் கணக்குக்கு, பி.டி. மாஸ்டர், ஓவிய ஆசிரியர் என எல்லாருக்கும் ஒரு குழு கொடுக்கலாமே.

கணக்கு வாத்தியார்:
பி.டி. மாஸ்டர் நல்ல யோசனை. பிள்ளைகள் அவரிடம்தான் மனம்விட்டுப் பேசும். ஆனால் அவர் பீரியடையே கடன் வாங்கிப் பாடம் நடத்துகிற ஊர் இது. ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்தால் உங்கள் 20 நிமிடமும் அதோடு போச்சு.

புதுவயல் அம்மா:
அப்போ ஒன்பதாவதில் ஆரம்பியுங்களேன். அங்கே பொதுத்தேர்வு இல்லையே.

கணக்கு வாத்தியார்:
சரி, ஒன்பதாவதில் மட்டும் என்றால் யோசிக்கலாம். தினமும் முடியாது, வாரம் மூன்று நாள்.

தேவகோட்டை பழைய மாணவி:
எந்த ஆசிரியர் குழு என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காவிட்டால் மாறவும் விடவேண்டும். அது இல்லாமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.