புதுப்பிப்பு: அப்பா பெயரில் இருந்த கார் இன்சூரன்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: வேலைக்காக வேளச்சேரியில் தனியாக இருக்கிறேன், மதுரையில் அப்பா ஓட்டிய காரை எனக்கே கொடுத்துவிட்டார், ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) என் பெயருக்கு மாறியபின் புது பாலிசி எடுக்க வேண்டுமா?

வேண்டாம், இருக்கிற பாலிசியையே மாற்றலாம், உரிமை மாறிய 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் நடந்தது. புது ஆர்சி நகல், பழைய பாலிசி, ஒரு விண்ணப்பம், சின்னக் கட்டணம், முடிந்தது.

எதிர்பாராதது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எதுவும் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது காருக்குச் சேராது, ஆளுக்குத்தான் சேரும், அதனால் அப்பாவின் 50 சதவீதத் தள்ளுபடி எனக்கு வரவில்லை, மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தை என்னிடம் வசூலித்துவிட்டார்கள். அப்பா அதற்குச் சான்று வாங்கிக்கொண்டால் 3 வருடத்துக்குள் வேறு கார் எடுக்கும்போது பயன்படுத்தலாமாம் (அவர் இப்போதே ஷோரூம் பக்கம் போக ஆரம்பித்துவிட்டார்).

அப்புறம், உரிமையாளரே ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பை என் பெயரில் எடுத்தேன். சின்ன வயது என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் (நம் காரால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கான காப்பின் கட்டணம்) அதிகமாகாது, அது இன்ஜின் அளவை (சிசி) பொறுத்தது. வேளச்சேரி மழைத்தண்ணீரை நினைத்து, அடுத்த புதுப்பித்தலில் இன்ஜின் பாதுகாப்பையும் சேர்க்கப்போகிறேன்.