கும்பகோணம் வீட்டைக் காலி செய்கிறோம்: பழைய சாமான்களை ஆன்லைனில் விற்கலாமா?

மீனா_ஓசூர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். அம்மாவைத் தனியாக விட மனம் வரவில்லை, ஓசூருக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டேன். கும்பகோணத்தில் அவர்கள் 26 வருடம் குடியிருந்த வாடகை வீட்டை தை மாதக் கடைசிக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். எங்கள் வீடு இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், அதில் ஏற்கெனவே எங்கள் சாமான்களே நிறைந்து கிடக்கின்றன.

அங்கே இருப்பவை: ஒரு தேக்குக் கட்டில், இரட்டைக் கதவு இரும்பு பீரோ, 2014-ல் வாங்கிய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், டேபிள் டாப் கிரைண்டர், கால் மிதி தையல் மெஷின், இன்வர்ட்டர் பேட்டரி, அப்பாவின் ஸ்கூட்டர், அவருடைய போன், கடைசி ஒரு வருடம் அவர் உபயோகித்த சக்கர நாற்காலி, வாக்கர். அப்புறம் பரண் நிறைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள். அப்பா கணக்கு வாத்தியார், அதனால் புத்தகம் மட்டும் மூன்று அலமாரி இருக்கும்.

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆன்லைனில் போடு, நல்ல விலை கிடைக்கும் என்கிறார். என் கணவர், ஒரே நாளில் பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்கிறார். அம்மா எதுவும் சொல்வதில்லை. பித்தளை அண்டாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார். எனக்கு மாதத்தில் இரண்டு சனி ஞாயிறுதான் கும்பகோணம் போக முடியும். இந்த நிலைமையில் ஆன்லைனில் விற்பது நடக்கிற காரியமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில்_திருச்சி

அப்பா இறந்ததற்கு என் வருத்தங்கள், சகோதரி. நாங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் வீடு மாறியபோது பதினோரு பொருள் ஆன்லைனில் போட்டேன், ஏழு விற்றது. அந்த ஏழுக்கும் சேர்த்து எனக்கு வந்த போன் நூற்றுக்கு மேல் இருக்கும். பாதிப் பேர் 'கடைசி விலை என்ன' என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் காணாமல் போவார்கள், வருகிறேன் என்று சொன்னவர்களில் மூன்றில் ஒருவர்தான் வந்தார். வீட்டில் ஆள் இருந்ததால் எனக்கு அது ஒத்துவந்தது. நீங்கள் ஓசூரில் இருந்துகொண்டு கும்பகோணத்துக் கட்டிலை விற்பது வேறு விஷயம். வாங்குகிறவர் புதன்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்பார், கதவைத் திறந்து காட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். என் வாஷிங் மெஷினைப் போட்ட அரை மணி நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். ராணுவத்தில் இருக்கிறேன், திருச்சிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, நேரில் வர முடியாது, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று ஹிந்தி கலந்த ஆங்கிலத்தில் பேசினார். பேரமே பேசவில்லை, எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. உடனே வாட்ஸ்அப்பில் சீருடை போட்ட அடையாள அட்டை ஒன்று, அதற்குப் பின்னாலேயே ஒரு க்யூஆர் கோடு. 'இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்' என்றார். என் மனைவி பக்கத்தில் இருந்ததால் தப்பினோம். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பணம் கேட்டு கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியைத் தனிநபர்களுக்கு இடையே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் க்யூஆர் கோடு அனுப்பி ஏமாற்றுவது அதோடு முடிந்துவிடவில்லை. தெரியாமல் பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

கடைத்தெரு_தஞ்சை

நான் பதினெட்டு வருடமாகப் பழைய ஃபர்னிச்சர், வீட்டுச் சாமான் வாங்கி விற்கிறேன். கடைக்காரன் சொல்கிறான் என்று நினைக்காமல் கேளுங்கள், மேடம். உங்கள் கணவர் சொல்கிறபடி மொத்தமாகத் தள்ளினால் பாதி நஷ்டம் உங்களுக்குத்தான். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒருவர் சொல்லும்போது நல்ல பொருளின் விலையைக் குப்பையோடு சேர்த்து அமுக்கிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள், இரண்டு பேரை அழைத்துக் கேளுங்கள்.

உங்கள் பட்டியலில் உண்மையில் விலை போகிறவை கட்டிலும் பீரோவும். பழைய பீரோவில் தகடு கனமாக இருக்கும். கதவை விரலால் தட்டிப் பாருங்கள், டப்பா மாதிரிச் சத்தம் வராமல் கெட்டியாகக் கேட்டால் நல்ல தகடு. உள் லாக்கர் சாவி தொலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், சாவி இல்லையென்றாலே விலையைக் குறைப்பார்கள். கட்டில் முழுக்கத் தேக்கா, இல்லை சட்டம் மட்டும் தேக்கா என்று பார்க்க வேண்டும். பாலிஷ் போட்ட பக்கத்தை விட்டுவிட்டுக் கீழே, பாலிஷ் படாத இடத்தில் ரேகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். போட்டோ எடுக்கும்போதும் அந்த அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். விஷயம் தெரிந்த ஆள் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஃப்ரிட்ஜ் பத்து வருடம் தாண்டிவிட்டது, அதில் ஆசை வைக்காதீர்கள். ஓசூரில் புதிதாக ஏதாவது வாங்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்சேஞ்சில் போடுங்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். பேட்டரியை மட்டும் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் போடாதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது, சில இடங்களில் அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி விற்கிற கடையிலேயே பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு தொகையும் தருவார்கள்.

மீனா_ஓசூர்

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பித்தளைப் பாத்திரத்தை என்ன செய்வது? பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கேட்டேன், எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். ஆன்லைனில் 'ஆன்டிக்' என்று போட்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்களே, அந்த விலை நமக்கும் கிடைக்குமா?

வசந்தி_மயிலாப்பூர்

மீனா, நான் போன வருடம் என் மாமியாரின் பாத்திரங்களை இப்படித்தான் பிரித்தேன், அதனால் சொல்கிறேன். அந்த மூன்று மடங்கு விலை கடை வைத்திருப்பவர்கள், புளி போட்டுத் துலக்கி, நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, பத்திரமாகப் பேக் செய்து கூரியரில் அனுப்புகிறவர்கள் வாங்கும் விலை. நான் ஒரு தவலையை ஆன்லைனில் போட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். கடைசியில் எடை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது, பேக்கிங் செலவு போக அதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதே. முதலில் பித்தளை எது, வெண்கலம் எது என்று பிரித்து வை. தட்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிப்பது வெண்கலம். பித்தளையில் செம்போடு துத்தநாகம், வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம். வெள்ளீயம் விலை கூடியது, அதனால் வெண்கலத்துக்கு விலை அதிகம். கடையில் எல்லாவற்றையும் ஒரே தராசில் பித்தளை என்று போடப் பார்ப்பார்கள், விடாதே. உங்கள் ஊர்ப்பக்கம் வார்த்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஏதாவது இருந்தால் அதை எடைக்குக் கொடுக்கவே கொடுக்காதே. அதற்கு 2010-லேயே புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள், கழற்றி மாட்டுகிற விளக்குதானே, இரண்டு சேலைக்கு நடுவில் வைத்து எடுத்து வந்துவிடலாம்.

இன்னொன்று. அண்டாவைக் கவிழ்த்து, கழுத்தோரத்தில் ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று பார்த்தாயா? அந்தக் காலத்தில் சீர் வரிசைப் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டித்தான் கொடுப்பார்கள். என் மாமியாரின் குடத்தில் அவருடைய அப்பா பெயர் இருந்தது, நான் அதைக் கவனிக்காமல் தராசில் வைத்துவிட்டேன். கடைக்காரர்தான் 'அம்மா, இதில் பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். உன் அம்மா எழுந்து உள்ளே போவதற்குக் காரணம் அண்டாவிலேயே எழுதியிருக்கலாம். அவரைக் கேட்காமல் அதில் கை வைக்காதே.

சக்கர நாற்காலி, வாக்கர் இரண்டையும் விற்காதே என்று நான் கேட்டுக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் தெருக் குழுவிலோ கோவில் குழுவிலோ ஒரு வரி போட்டுப் பார், அன்றைக்கே யாராவது வருவார்கள். மருத்துவமனையில் இருந்து ஆளை வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் அது இல்லாமல் தவிக்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஆர்டிஓ_அனுபவம்

ஸ்கூட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பட்டியலில் சட்டச் சிக்கல் வரக்கூடியது அதுதான். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும்வரை நீங்கள் அதை விற்க முடியாது. முதலில் அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். உரிமையாளர் இறந்து 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆவணி என்றால் கெடு தாண்டியிருக்கும், தாமதத்துக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம், ஆனாலும் செய்துவிடுங்கள். அண்ணன் ஷார்ஜாவில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், என் விஷயத்தில் அதற்குத்தான் ஒன்றரை மாதம் ஆனது.

பெயர் மாறிய பிறகு விற்கும்போது படிவம் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நஷ்டஈடு கேட்டு உங்கள் அம்மா பெயருக்கு நோட்டீஸ் வரும்.

போன் விஷயமும் அப்படித்தான். அதைக் கடைசியாக விற்றுக்கொள்ளலாம். அந்த நம்பரோடு கேஸ் இணைப்பு, ஆதார், இன்ஷூரன்ஸ், மெயில் என்று எவ்வளவோ இணைந்திருக்கும், எல்லாவற்றுக்கும் ஓடிபி அங்கேதான் வரும். அதை வைத்து அவர் கணக்கில் பணம் எடுக்கச் சொல்லவில்லை, அது கூடாது, வங்கிப் பணத்தை நாமினி அல்லது வாரிசுகள் வழியாகத்தான் முறைப்படி கேட்க வேண்டும். ஆனால் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவே உங்களுக்கு அந்த நம்பர் தேவைப்படும். ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். எல்லாம் முடிந்த பிறகு படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, கூகுள் கணக்கில் இருந்து முதலில் வெளியேறி, அப்புறம்தான் ரீசெட் செய்ய வேண்டும். வெளியேறாமல் ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் பழைய பாஸ்வேர்டைக் கேட்கலாம், போன் திறக்காமல் போகலாம்.

மீனா_ஓசூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆன்லைனில் கட்டிலையும் பீரோவையும் மட்டும் போட்டேன். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை 10 மணி முதல் 4 மணி வரை மட்டும் வரலாம், பணம் நேரில் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், அதிலேயே வீண் போன்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. பீரோ 7,500-க்குப் போனது, தாராசுரத்தில் இருந்து வந்த ஒரு பட்டு நெசவுக் குடும்பம் எடுத்துக்கொண்டது. கட்டிலுக்குத் தஞ்சை அண்ணா சொன்னபடி அடிப்பக்கப் படம் போட்டேன், உண்மையிலேயே அதைப் பார்த்துத்தான் ஒருவர் வந்தார், 14,000. கடையில் முதலில் இரண்டுக்கும் சேர்த்து 9,000 சொன்னார்கள். க்யூஆர் கோடு அனுப்பியவரும் ஒருவர் வந்தார், செந்தில் அண்ணா எழுதியதை நினைத்துக்கொண்டு அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

பேட்டரி கடைக்கே போய்விட்டது. ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டுக்கு, கிரைண்டர் என்னோடு ஓசூருக்கு. சக்கர நாற்காலிக்கு வசந்தி அக்கா சொன்னது அப்படியே நடந்தது, செய்தி போட்டு இருபது நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார். ஸ்கூட்டருக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பித்திருக்கிறோம், அது நடக்கும்வரை மாமா வீட்டில் நிற்கும்.

அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர் இல்லை. பாட்டியின் பெயரும் '12-6-1949' என்ற தேதியும் இருந்தது. அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், உடனே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார், பாட்டி கல்யாணத்துக்கு எந்த ஊரில் இருந்து வண்டி கட்டி வந்தார்கள் என்பது வரைக்கும். அண்டாவும் குத்துவிளக்கும் வருகின்றன, பால்கனியில் இடம் பார்த்திருக்கிறோம். மீதிப் பாத்திரங்களை அம்மாவே வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது போகட்டும், இது இருக்கட்டும் என்று சொன்னார். தையல் மெஷினைச் 'சித்தி பெண்ணுக்குக் கொடு' என்றார்.

புத்தகங்கள்தான் பாக்கி. பிளஸ் டூ, பி.எஸ்சி. கணக்குப் புத்தகங்கள் நிறைய, ஓரங்களில் அப்பா பென்சிலால் தீர்வு எழுதி வைத்தவை. காசு வேண்டாம். கும்பகோணம் பக்கம் படிக்கிற பிள்ளைகள், சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வருகிற ஞாயிறு காலை 9 மணியில் இருந்து வீட்டில் இருப்பேன். பை கொண்டு வாருங்கள், கனமாக இருக்கும்.