புதுப்பிப்பு: பேச இயலாத நோயாளியின் வலியை மதிப்பிட ஐ.சி.யூ. செவிலியருக்கு இணையவழிப் பயிற்சி

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் வலியை மதிப்பிட எங்கள் செவிலியர்களுக்கு இணையவழியில் எப்படிக் கற்றுத்தருவது, ஒரே நோயாளிக்கு ஆளுக்கொரு மதிப்பெண் வருகிறதே என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்த யோசனை இதுதான்: விரிவுரையைக் குறைத்து, வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லி, ஏன் வேறுபட்டது என்று பேசவிடுவது. கனடாவில் உருவாகி 2006-இல் வெளியான சி.பி.ஓ.டி. (CPOT, தீவிர சிகிச்சை நோயாளியைக் கவனித்தே வலியை மதிப்பிடும் முறை) அளவுகோலை எடுத்துக்கொண்டோம். முகபாவம், உடல் அசைவு, வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது, தசை இறுக்கம் ஆகிய நான்குக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 8. 3-ஐ எட்டினால் வலி இருப்பதாகக் கொண்டு மருத்துவரிடம் சொல்கிறோம். புருவம் சுருங்கினால் 1, அதோடு கண்ணை இறுக மூடிக்கொண்டால் 2 என்பதில் இப்போது குழப்பமில்லை. ஓய்வில் ஒருமுறை, புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒருமுறை பார்ப்பதும் பழகிவிட்டது.

எதிர்பாராத சிக்கல் தசை இறுக்கத்தில் வந்தது. நோயாளியின் கையை மெல்ல மடக்கி நீட்டினால்தான் அது புலப்படும், திரையில் தெரியாது. அதை மட்டும் மூத்த செவிலியர்கள் படுக்கையருகே நின்று கற்றுத்தந்தார்கள். இணையப் பாடம் மட்டுமே போதும் என்று தயவுசெய்து யாரும் திட்டமிட வேண்டாம்.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடும் நோயாளிக்கு இந்த அளவுகோல் செல்லாது. அவருக்கு 0 வந்தால் வலி இல்லை என்று பொருளல்ல. எங்கள் பாடத்தில் இதை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டோம்.