கலைச்சொல்: செவிலித்தாவரமா, காப்புத்தாவரமா?

குழுவினருக்கு வணக்கம்.

மேனிலைப் பள்ளி உயிரியல் நூலில் பாலைவனச் சூழலியல் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துச் சகுவாரோ கள்ளி 12 மீட்டருக்கு மேலும் வளரும்; 150 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் 4 செ.மீ. உயரத்தை எட்டுவதே அரிது. வெட்டவெளியில் முளைத்தால் கோடையில் கருகிவிடும், குளிர்கால இரவில் உறைந்துவிடும், தப்பியதை எலி கடித்துவிடும். பாலோவெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் அடியில் முளைத்தவைதான் பெரும்பாலும் பிழைக்கின்றன. பழம் தின்ற பறவைகள் அந்தக் கிளைகளில் உட்கார்ந்து எச்சமிடுவதால் விதையும் அங்கேயே விழுகிறது. இப்படிக் கன்றுக்கு இடம் கொடுக்கும் தாவரத்தை ஆங்கிலத்தில் ‘நர்ஸ் பிளான்ட்’ என்கிறார்கள். ‘தாய்மரம்’ சரிவராது; ஒட்டுக்கட்டக் கிளை தரும் மரத்துக்குத் தோட்டக்கலையில் அந்தப் பெயர் இருக்கிறது. என்ன எழுதலாம்?

– மொழிபெயர்ப்பாளர்

*

தேடவே வேண்டாம், ஐயா. செவிலித்தாவரம். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. சகுவாரோவைப் பாலோவெர்டே பெறவில்லை, வளர்க்கிறது. உடன்போக்கில் மகள் காதலனோடு போனபின் பாலை வழியில் அவளைத் தேடிப் போகிறவளும் செவிலிதான். பாலைக்கும் அவளுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

சொற்பிறப்பையும் பார்க்க வேண்டும். ‘செவ்வை’ என்பதிலிருந்து வந்திருக்கும் என்பது என் துணிபு, செம்மையாக வளர்ப்பவள். செவியில் தாலாட்டுவதால் செவிலி என்பாரும் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. ‘அறிவிலி’யில் வரும் ‘இலி’யோடு இதை முடிச்சுப் போடுவது முழுத் தவறு. இன்னொன்று: ‘பாலைவனம்’ எதற்கு? வனம் வடசொல், காடு என்று பொருள்படுவது. ‘பாலை’ என்றே எழுதுங்கள்.

– தமிழாசிரியர்

*

தமிழாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பாலைவனத்தை விட்டுவிடுங்கள், மாணவர்களுக்குத் தெரிந்த சொல் அது. மேலும் பாலை நிலையான நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறது சிலம்பு. மழை வந்தால் பாலை மீண்டும் முல்லையாகும், சொனோரா ஆகாது. ‘கள்ளி’யிலும் இதே சிக்கல். சங்கப் பாட்டின் கள்ளியை ஒடித்தால் பால் வடியும். சகுவாரோ வேறு குடும்பம், அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஆனால் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது இருக்கட்டும்.

என் மறுப்பு செவிலியைப் பற்றியது. மரம் யாரையும் வளர்க்கவில்லை, அதன் நிழல் அங்கே விழுகிறது, அவ்வளவுதான். சகுவாரோவின் வேர்கள் ஆழம் போகாமல் அகலப் பரவி, பெய்த மழையை மேல்மண்ணிலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. கன்று பெரிதானதும் நிழல் தந்த மரம் நலிகிறது, பட்டுப்போவதும் உண்டு. செவிலி என்று படித்த மாணவர் மரத்துக்கு அன்பு இருப்பதாக எழுதுவார், நான் மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கும். ‘காப்புத்தாவரம்’ போதும்.

– உயிரியல் ஆசிரியை

*

அம்மா, ‘காப்புக்காடு’ என்றால் காக்கப்படும் காடு. அந்த வழக்கு இருக்கும்போது ‘காப்புத்தாவரம்’ என்று எழுதினால், வெட்டக் கூடாதென்று சட்டம் காக்கும் தாவரம் என்றே படிப்பார்கள். காப்பது எது, காக்கப்படுவது எது என்று சொல் சொல்லவில்லை. செவிலியில் அந்தக் குழப்பம் இல்லை.

– வனத்துறையில் பணியாற்றியவர்

*

ஈழத்தில் மருத்துவமனையில் இருப்பவரைத் தாதி என்போம். ஆனாலும் செவிலி எங்களுக்கு விளங்கும். ‘தாதித்தாவரம்’ வேண்டாம், தாது, தாதுப்பு என்று கண் தடுக்கும். செடி என்னாமல் தாவரம் என்பதை வரவேற்கிறேன். காக்கிறது சில இடத்தில் மரம், சில இடத்தில் குத்துச்செடி, புல்லாகவும் இருக்கலாம்.

– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

*

அனைவருக்கும் நன்றி. ‘நிழல்தாவரம்’ என்று தனிமடலில் வந்ததையும் எண்ணிப் பார்த்தேன். குளிர்கால இரவில் காப்பாற்றுவது நிழல் அன்று என்பதால் விட்டேன். பெரும்பான்மை செவிலிப் பக்கம். இப்படி எழுதி அனுப்புகிறேன்: ‘வெப்பம், உறைபனி, மேய்ச்சல் ஆகியவற்றிலிருந்து வேறோர் இனத்தின் இளங்கன்றுக்குத் தன் இருப்பாலேயே மறைப்புத் தரும் தாவரம் செவிலித்தாவரம் எனப்படும். பின்னர் இவ்விரண்டும் நீருக்குப் போட்டியிடலாம்.’ ஆசிரியை அம்மாவின் மறுப்பு இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது.

– மொழிபெயர்ப்பாளர்

*

இரண்டாம் வாக்கியத்துக்கு நன்றி. சொல்லை இன்னும் ஏற்கவில்லை. அதே இயலின் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஹீலா மரங்கொத்தி சகுவாரோவின் தண்டைக் குடைகிறது; கள்ளி காயத்தைச் சுற்றிக் கெட்டியான தோல் வளர்த்து நீர் கசியாமல் அடைக்கிறது. உள்சதை காய்ந்து இறுகச் சில மாதங்கள் ஆகும். அதன்பிறகே பறவை அதில் முட்டையிடும். அது விட்டுப்போன பொந்தில் எல்ஃப் ஆந்தை குடியேறும். அங்கே இடம் தருவது சகுவாரோ. அதையும் செவிலி என்பீர்களா? இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை வரையறை சொல்ல வேண்டும். ‘இளங்கன்றுக்கு’ என்ற ஒரு சொல்லைத்தான் நம்பியிருக்கிறீர்கள். என் வகுப்பில் ‘காக்கும் தாவரம்’ என்றே சொல்லிக்கொடுப்பேன். அதில் காப்பது எது என்பதும் தெளிவு.

– உயிரியல் ஆசிரியை